பொத்திய கைக்குள் பஞ்சாமிர்தம்

சங்கவியின் பொத்திய வலது கைக்குள் இருந்து ஓர் எறும்பு வெளியே வந்தது.

கடிக்கிற எறும்பு அல்ல. சீனிப் போத்தலைச் சுற்றி வருமே, அந்தக் கறுத்த சின்ன எறும்பு. சத்திரசிகிச்சைக் கூடத்தின் வாசலில், தள்ளுகட்டிலில், பச்சைச் சட்டையோடு படுத்திருந்த ஏழு வயதுப் பிள்ளையின் மணிக்கட்டில் அது ஏறியது. கொஞ்சம் நின்றது. பிறகு தன்பாட்டுக்கு நடந்து போனது.

கையைத் துடைப்பதற்குப் பஞ்சோடு வந்த வெளிநாட்டுத் தாதி சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எறும்புக்குப் பின்னால் ஒரு வாசம் வந்தது. கதலி வாழைப்பழம், தேன், நெய், கொஞ்சம் ஏலக்காய். சைவ வீட்டில் பிறந்த மூக்குக்கு அந்த வாசத்தை யாரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை.

உள்ளே மயக்க மருந்து டொக்டர் ஊசிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். பிள்ளை வெறும் வயிற்றோடு இருக்கிறாள் என்று சற்று முன்புதான் அவருக்கு என் வாயாலேயே ஆங்கிலத்தில் சொல்லியிருந்தேன்.

எனக்கு ஏன் சிரிப்பு வரவில்லை என்று உங்களுக்கு விளங்க வேண்டுமானால், அந்த வாசலுக்கு நான் எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்பதை முதலில் சொல்ல வேண்டும்.

இரத்தம் கண்டால் மயங்குகிறவள்

இந்தத் தொடரைப் படித்து வருகிறவர்களுக்கு என் உத்தியோகம் தெரியும். இந்த வாரம்தான் பத்திரிகையைக் கையில் எடுத்தவர்களுக்காகச் சொல்கிறேன். நான் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். சுற்றறிக்கைகளையும் காணி விவகாரங்களையும் ஒரு மொழியில் இருந்து இன்னொரு மொழிக்கு மாற்றியே தலை நரைத்தது. அந்த வேலையில் ஒரு வசதி இருந்தது. காணிக்கு எல்லை உண்டு, இரத்தம் கிடையாது.

இரத்தம் என்றால் எனக்கு ஆகாது. பல்லுப் பிடுங்கப் போய், பல் டொக்டர் கொடிறைக் கையில் எடுத்ததுமே நான் விழுந்து, அவர் பல்லை மறந்து எனக்கு விசிறிவிட்ட கதை எங்கள் குடும்பத்தில் இன்றைக்கும் கலியாண வீடுகளில் சொல்லப்படுகிறது.

ஆனபடியால் மெல்பேணில் இருக்கும் என் தங்கையின் மகள் தொலைபேசியில் கூப்பிட்டபோது நான் முதலில் சிரித்தேன். அவளுக்குத் தெரிந்த ஒரு தொண்டு நிறுவனம். டொக்டர்மாரும் தாதிமாரும் தங்கள் சொந்த லீவைப் போட்டுக்கொண்டு நாடு நாடாகப் போய், பிள்ளைகளுக்கு ஒரு சதமும் வாங்காமல் சத்திரசிகிச்சை செய்கிறார்களாம். யாழ்ப்பாணத்துக்கும் வருகிறார்களாம். தாய் தகப்பன்மாரோடு கதைக்க ஆள் வேண்டுமாம்.

"பெரியம்மா, நீங்கள் கதைச்சால் மட்டும் காணும். ஒண்டும் பாக்கத் தேவையில்லை."

"இரத்தம்?"

"அது உள்ளுக்கை. நீங்கள் வெளியிலை."

இந்த வாக்குறுதியை நம்பித்தான் நான் ஓம் என்றேன். வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள் தொலைபேசியில் தருகிற வாக்குறுதிகளைப் பற்றி எனக்கு இப்போது வேறு அபிப்பிராயம்.

நகரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்காரர் தங்கள் மேல்மாடியை அவர்களுக்கு விட்டுக் கொடுத்திருந்தார்கள். நான் போன அன்று தலைமைச் சத்திரசிகிச்சை நிபுணர் டொக்டர் ஹெலன் தரையில் முழங்காலில் இருந்து பெட்டி உடைத்துக்கொண்டிருந்தார். என் வயதிருக்கும். கட்டையாக வெட்டிய வெள்ளை முடி, நீண்ட விரல்கள். உதவிக்கு ஆள் வரட்டும் என்று காத்திருக்கிற பழக்கமே அந்தப் பெண்ணிடம் இல்லை. எங்கள் கந்தோரில் ஒரு மேசையை ஒரு சாண் நகர்த்துவதற்கு நாங்கள் கடிதம் எழுதிய காலம் எனக்கு ஞாபகம் வந்தது.

நானும் லீவு எடுத்திருக்கிறேன். நல்லூர்த் திருவிழாவுக்கு எடுத்தேன், கலியாண வீட்டுக்கு எடுத்தேன், ஒன்றும் செய்யாமல் இருப்பதற்கும் எடுத்தேன். முன்பின் தெரியாத ஒரு பிள்ளையின் பிளந்த உதட்டைத் தைப்பதற்கு லீவு எடுக்கலாம் என்பது எனக்குத் தோன்றியதே இல்லை. அந்த நாட்களில் எனக்கு வாய் அடிக்கடி திறந்தபடியே இருந்தது. என்னைத் தெரிந்தவர்களுக்கு அதில் புதினம் இல்லை. சத்தம் வராமல் திறந்திருந்ததுதான் புதினம்.

சாப்பாடு என்றால் எது?

முதல் நாள் காலையிலேயே மயக்க மருந்து டொக்டர் மாட்டின் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். மெலிந்த, முகம் சிவந்த மனிதர். மத்தியானத்துக்கு முன் சிரிக்கமாட்டார். அவர் சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

"நீங்கள் கேட்கப்போகிற கேள்விகளில் ஒன்று பிள்ளையின் உயிர். கடைசியாக எப்போது, என்ன சாப்பிட்டது என்ற கேள்வி. வயிற்றில் சாப்பாடு இருக்கும்போது நான் மயக்கினால், அது மேலே வந்து நுரையீரலுக்குள் போகலாம். அதற்குப் பிறகு டொக்டர் ஹெலனின் கெட்டித்தனத்தால் ஒரு பிரயோசனமும் இல்லை."

நானும் பயபக்தியோடு போய் முதல் தகப்பனிடம் கேட்டேன். "பிள்ளை காலமை சாப்பிட்டதோ?"

"இல்லை அன்ரி. ஒண்டும் சாப்பிடேல்லை."

"நல்லது."

"ரீ மட்டுந்தான் குடிச்சவன். ரெண்டு விசுக்கோத்தும்."

எங்கள் ஊரில் சாப்பாடு என்றால் சோறு. காலையில் என்றால் புட்டு, இடியப்பம், பாண். கழுவுவதற்கு ஒரு பாத்திரம் விழாவிட்டால் அது சாப்பாட்டில் சேராது. நானே அப்படித்தான். காலை முழுவதும் வடையும் தேத்தண்ணியுமாக இருந்துவிட்டு, மத்தியானம் "இன்னும் ஒண்டும் சாப்பிடேல்லை" என்று மனச்சாட்சி உறுத்தாமல் சொல்லியிருக்கிறேன். யாரும் அதைப் பொய் என்று சொன்னதில்லை.

அன்று முதல் என் கேள்வியை நீட்டினேன். சோறு, பாண், விசுக்கோத்து, பால், ரீ, தண்ணி, இளநி, ரொபி என்று பஸ் கொண்டக்டர் இடங்களைக் கூவுவதைப் போல ஒரே மூச்சில் கேட்பேன். வார்ட்டில் இருந்த பிள்ளைகளுக்கு அது பாட்டாகிவிட்டது. நான் வாசலில் தலையைக் காட்டினால் அவர்களே "சோறு, பாண், விசுக்கோத்து" என்று தொடங்கிவிடுவார்கள். டொக்டர் மாட்டின் கூட ஒருநாள் மத்தியானத்துக்கு முன் சிரித்தார்.

இனி ஓட்டையில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

சண்டிலிப்பாயில் இருந்து வந்த கை

சங்கவியை அவளது அம்மா கௌரி, பிள்ளைகளைப் பார்த்துத் தெரிவு செய்த நாளில் கூட்டி வந்தாள். சண்டிலிப்பாயில் புகையிலையும் மிளகாயும் பயிர் செய்கிற குடும்பம். பிள்ளை இடது கையால் என் சேலைத் தலைப்பைப் பிடித்துப் பார்த்தாள். "இது என்ன அன்ரி, பட்டோ?" என்று விசாரித்தாள். வாய்க்கு ஒரு குறைவும் இல்லை. வலது கை மட்டும் மடியில் பொத்தியபடி கிடந்தது.

தவழ்கிற வயதில், புகையிலை உணத்துகிற குடிலின் வாசலில் தேங்காய்ப் பொச்சுமட்டைத் தணல் கிடந்திருக்கிறது. சாம்பல் மூடிய தணல். பிள்ளை கையை வைத்தாள். சுட்டதும் குழந்தைப்பிள்ளை செய்வதைச் செய்தாள்: இறுக்கிப் பொத்தினாள்.

புண் ஆறியது. ஆறியதே என்று வீட்டில் எல்லோரும் சந்தோசப்பட்டார்கள். ஆனால் ஆறின தோல் சுருங்கச் சுருங்க, விரல்களை உள்ளங்கையோடு இழுத்துப் பிடித்து ஒட்டிவிட்டது. பிறகு கொரோனா வந்தது. அதன் பின் பெற்றோல் வரிசை வந்தது. கொழும்புக்குப் போக வேண்டும் என்று சொன்ன காலத்தில் சந்திக்குப் போகவே வழியிருக்கவில்லை.

"கோயிலிலைதான் அன்ரி எனக்கு ஏலாமல் வாறது," என்றாள் கௌரி. "இடக்கையை நீட்டி விபூதி வாங்கேலாது. வலக்கையை நீட்டினால் பொத்தின கைக்கு மேலை விழுந்து சரிஞ்சு போகும். நான் கீழை என்ரை கையை வச்சு ஏந்துவன்."

அன்றைக்குத் தான் ஒரு நிமிசம் பார்க்காமல் விட்டதுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்பதையும் சொன்னாள். அதை மொழிபெயர்க்க வேண்டாம் என்று கையைக் காட்டினாள். நான் மொழிபெயர்க்கவில்லை. டொக்டர் ஹெலனுக்கு அது எப்படியோ விளங்கியிருந்தது.

அவர் பிள்ளையின் விரல் கணுக்களை ஒவ்வொன்றாக அழுத்தி அழுத்தி விட்டுப் பார்த்தார். கௌரி என் காதுக்குள் கேட்டாள்.

"அன்ரி, விரல் எல்லாம் உள்ளுக்கை இருக்கோ?"

நான் கேட்டுச் சொன்னேன். "எல்லாம் இருக்காம் பிள்ளை. திறக்கலாமாம்."

கௌரி அந்தப் பொத்திய கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தாள்.

நீண்ட நேரம் எடுக்கும் வேலை என்பதால், கடைசி நாளில் முதல் ஆளாகச் சங்கவியைப் போட்டார்கள். அன்று மத்தியானத்தோடு வேலை முடிந்துவிடும். குழு அதன் பிறகு காரைநகர்க் கடலுக்குப் போவதாக இருந்தது. வந்த நாளில் இருந்து அவர்கள் யாழ்ப்பாணத்தில் பார்த்தது ஆஸ்பத்திரிச் சுவரையும் விடுதிச் சுவரையும்தான். கடற்கரைக்கென்று, எறும்பைக் கண்டு சிரித்த அந்தத் தாதி கஸ்தூரியார் வீதியில் ஒரு பனையோலைத் தொப்பி கூட வாங்கி வைத்திருந்தாள். பின்னேரம் சாமான்களைக் கட்டிக்கொண்டு கொழும்புக்குப் புறப்பாடு. மறுநாள் விமானம்.

அது சாப்பாடில்லை, பிரசாதம்

திரும்பவும் அந்த வாசலுக்கு வருகிறேன். எறும்பு போய்விட்டது. வாசம் நின்றது.

"பிள்ளை, கைக்குள்ளை என்ன?"

"பஞ்சாமிர்தம்," என்றாள் சங்கவி.

"ஆர் வச்சது?"

"அம்மா. விடியக் காலமை இணுவில் கந்தசாமி கோயிலுக்குப் போய் அருச்சனை செய்துபோட்டுத்தான் வந்தனாங்கள். கை சரிவரும் எண்டு அம்மா கையிலை பூசினவ."

"வாயிலையும் வச்சனியோ?"

"ஓம்."

"அப்ப, ஒண்டும் சாப்பிடேல்லை எண்டு ஏன் சொன்னனி?"

அவள் என்னைப் பார்த்த பார்வையில் ஒரு இரக்கம் இருந்தது. "அது சாப்பாடில்லை அன்ரி. அது பிரசாதம்."

என்னால் அவளோடு வாதாட முடியவில்லை. கந்தசஷ்டி விரதம் பிடிக்கிற காலத்தில் கோயிலில் தீர்த்தம் குடித்திருக்கிறேன், பிரசாதம் வாயில் போட்டிருக்கிறேன். யாராவது கேட்டால் "இண்டைக்கு ஒண்டும் வாயிலை படேல்லை" என்றுதான் சொல்லியிருக்கிறேன். சோற்றில் இருந்து ரொபி வரைக்கும் கேட்ட எனக்குக் கோயிலைக் கேட்கத் தோன்றவில்லை. அவர்களுக்கும் சொல்லத் தோன்றவில்லை. வேறு ஊரில் இப்படி ஒரு பிழை நடக்குமோ தெரியாது. எங்கள் ஊரில் நடக்காமல் இருந்தால்தான் அதிசயம்.

வெளியே வாங்குப் பலகையில் இருந்த கௌரியைக் கூப்பிட்டேன். என் முகத்தைப் பார்த்ததுமே அவள் எழும்பிவிட்டாள்.

"எவ்வளவு குடுத்தனி?"

"வாழையிலைத் துண்டிலை தந்தது. முழுக்க அவள்தான். நான் வாயிலை வைக்கேல்லை." பிறகுதான் அவளுக்கு விளங்கியது. என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "அன்ரி, சொல்லிப்போடாதேங்கோ. முருகன்ரை பிரசாதம் பிள்ளைக்கு ஒண்டும் செய்யாது. இண்டைக்கு விட்டால் உவையள் திருப்பி எப்ப வருவினம்? ஆர் வருவினம்?"

முருகன் ஒன்றும் செய்யமாட்டான் என்று எனக்கும் தெரியும். வாழைப்பழத்தைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

"கௌரி, பிள்ளை மயக்கத்திலை கிடக்கேக்கை சத்தி வந்தால் வயித்திலை இருக்கிறது நெஞ்சுக்குள்ளை போகும். அவளுக்கு இருமவும் ஏலாது, எழும்பவும் ஏலாது. ஒரு கையைத் திறக்கிறதுக்குப் பிள்ளையைக் குடுக்கேலுமோ?"

அவள் என் கைகளை விட்டாள். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினாள். பிறகு அவளே முன்னுக்கு நடந்தாள். "நானே சொல்லுறன். நீங்கள் இங்கிலிசிலை சொல்லுங்கோ."

டொக்டர் மாட்டினுக்கு முன்னால் நின்று, கண்ணீர் வடிய வடிய, கோயில் நடை திறந்ததில் இருந்து வாழையிலைத் துண்டு வரைக்கும் ஒன்றும் விடாமல் சொன்னாள். நான் வசனம் வசனமாக மாற்றினேன். அதற்குள் என்ன என்ன இருக்கும் என்று அவர் கேட்டார். பழம், தேன், நெய், கற்கண்டு, பேரீச்சம்பழம் என்றேன்.

"அது முழுக் காலைச் சாப்பாடு," என்றார் அவர். கோபிக்கவில்லை. ஊசிகளைத் திரும்பத் தட்டில் வைத்தார். மணிக்கூட்டைப் பார்த்தார். "பின்னேரம் வரைக்கும் நான் இந்தப் பிள்ளையைத் தொடமாட்டேன்."

பின்னேரம் என்றால் பெட்டிகள் கட்டுகிற நேரம்.

டொக்டர் ஹெலன் முகமூடியைக் கழுத்தில் விட்டபடி வெளியே வந்தார். விசயத்தைக் கேட்டார். கௌரியைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார், பிறகு தன் ஆட்களைப் பார்த்தார். ஒரு கட்டளையும் இடவில்லை. கேள்வியாகத்தான் கேட்டார்: "மற்றப் பிள்ளைகளை முதலில் முடித்துவிட்டு, இவளைக் கடைசியில் செய்யலாமா? கடலுக்குப் போக முடியாது. இரவு முழுக்க வான் வண்டியில் இருந்து, அப்படியே விமானத்துக்குப் போக வேண்டி வரும்."

யாரும் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. தொப்பி வாங்கிய தாதிதான் முதலில் தலையாட்டினாள். "பெட்டிகளை இப்போதே கட்டத் தொடங்குகிறேன். அந்தப் பிள்ளைக்குத் தேவையானதை மட்டும் வெளியே விடுகிறேன்." டொக்டர் மாட்டின் தோளைக் குலுக்கிவிட்டு உள்ளே போனார். எங்கள் ஆட்களான ஒப்பரேசன் தியேட்டர் உதவியாளர்களுக்கு ஆங்கிலம் பாதிதான் விளங்கியது. "நாங்களும் நிக்கிறம் எண்டு சொல்லுங்கோ," என்றார்கள்.

கௌரி என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். வாழ்நாள் முழுக்க மொழிபெயர்த்த நான் அந்த நேரம் பார்த்துச் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தேன். அதைக் கண்டு அவள் முகம் செத்துப் போயிற்று. மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள் என்று நினைத்துவிட்டாள்.

"பின்னேரம் செய்யினமாம்," என்றேன் ஒருவாறு.

அவள் அந்த இடத்திலேயே நிலத்தில் இருந்துவிட்டாள்.

உள்ளுக்குள்

பின்னேரம் வரைக்கும் பிள்ளையைச் சமாளித்தது தனிக் கதை. "அன்ரி, இப்ப உண்மையாவே ஒண்டும் சாப்பிடேல்லை," என்று நிமிசத்துக்கு நிமிசம் முறைப்பாடு. தியேட்டர் கதவடியில் என் விரலைப் பிடித்தவள் விடமாட்டேன் என்றாள். தாய் வந்தால் அழுகை கூடும் என்று, தொப்பியும் முகமூடியும் போட்டு என்னையே உள்ளே விட்டார்கள். மெல்பேண் வாக்குறுதி அதோடு முடிந்தது.

டொக்டர் மாட்டின் என் பக்கம் திரும்பி, "கோயில்?" என்று தமிழில் கேட்டார். எங்கு பழகினாரோ தெரியாது. "இல்லை," என்றேன். பிள்ளை முகத்தில் வைத்த, பழ வாசம் பூசிய மூடிக்குள் மூச்சை இழுத்து, "பழ வாசம் வருது," என்றாள். என் விரலில் இருந்த பிடி மெல்ல மெல்லத் தளர்ந்தது.

"நீங்கள் இப்போது போகலாம்," என்றார் டொக்டர் ஹெலன். "விரும்பினால் அந்த மூலையில் நிற்கலாம்."

ஏன் நின்றேன் என்று இன்றைக்கும் தெரியாது. நான் பயந்த இரத்தம் அங்கே இருக்கவில்லை. மேல் கையில் காற்றுப் பட்டி ஒன்றை இறுக்கி, வேலை முடியும் வரைக்கும் இரத்தத்தை நிறுத்தி வைத்திருந்தார்கள். விளக்குக்குக் கீழே அந்தச் சின்னக் கை மெழுகு நிறத்தில் கிடந்தது.

எங்கள் ஊர் டொக்டர் ஒருவர் பக்கத்தில் நின்று உதவ, டொக்டர் ஹெலன் மிக மெதுவாக வெட்டினார். ஒரு மயிரிழை வெட்டுவார், நிறுத்துவார், பார்ப்பார். முதலில் சுண்டுவிரல் எழும்பியது. பிறகு மோதிரவிரல். ஒவ்வொரு விரலும் நிமிரும்போது அதை மெல்லிய கம்பியால் நேராகப் பிடித்து வைத்தார். ஐந்தாறு வருடமாக ஒருவரும் காணாத உள்ளங்கை வெளியே வந்தது. தோல் போதாத இடங்களுக்குப் பிள்ளையின் அடிவயிற்றில் இருந்து எடுத்த தோலை அளவாக வெட்டி வைத்துத் தைத்தார். நூல் எனக்குக் கண்ணுக்கே தெரியவில்லை. அவரது விரல்கள் அசைவதைப் பார்த்துத்தான் தைக்கிறார் என்று அறிந்தேன். நான் மூச்சு விடுவதற்கே வெட்கப்பட்டேன். அந்த மூலையில் நின்றபோது எனக்குக் கோயிலில் நிற்கிற நினைவுதான்.

பிறகு பட்டியைத் தளர்த்தினார்கள். "இப்போது பாருங்கள்," என்றார் அவர்.

மெழுகு நிறத்துக்குள் சிவப்பு ஏறத் தொடங்கியது. மணிக்கட்டு, உள்ளங்கை, பெருவிரல், சுட்டுவிரல். ஒவ்வொரு நகமாக உயிர் வந்தது. நடுவிரல் மட்டும் வெள்ளையாகவே இருந்தது.

தாதி கையில் எடுத்த கட்டுத்துணியைத் திரும்ப வைத்தாள். அது நல்லதுக்கு இல்லை என்பது எனக்கும் விளங்கியது. டொக்டர் ஹெலன் இளஞ்சூட்டு நீரில் நனைத்த துணியை அந்த விரலில் சுற்றி வைத்துக்கொண்டு காத்திருந்தார். துணியை எடுத்தார். வெள்ளை. பெரிய மூச்சொன்று விட்டார். அந்த விரலில் இருந்து கம்பியை உருவி எடுத்து, அத்தனை நேரம் பாடுபட்டு நிமிர்த்திய விரலைத் தன் கையாலேயே கொஞ்சம் திரும்ப மடக்கினார். இத்தனை வருடம் மடங்கிக் கிடந்த இரத்தக் குழாய்க்கு ஒரே நாளில் அவ்வளவு நீளம் வராது என்று பிறகு எனக்கு விளங்கப்படுத்தினார்கள். அந்த நேரத்தில் எனக்கு ஒன்றும் தெரியாது. முருகா, முருகா என்று முகமூடிக்குள் சொல்லிக்கொண்டு நின்றேன். பஞ்சாமிர்தத்தின் மேல் இருந்த கோபமெல்லாம் போய்விட்டது.

திரும்பவும் துணி. திரும்பவும் காத்திருந்தார்கள். டொக்டர் மாட்டின் தன் இயந்திரத்தை விட்டு எட்டிப் பார்த்தார்.

துணியை எடுத்தபோது நகத்தின் அடியில் ஒரு பயறளவு சிவப்பு இருந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கவே அது நுனி வரைக்கும் ஏறியது.

டொக்டர் ஹெலன் அப்போதுதான் கழுத்தை நிமிர்த்தினார். தாதி அவரது கண்களைத் துடைத்துவிட்டாள். வியர்வை என்றார்கள். நான் ஏற்றுக்கொள்ளவில்லை.

பொழுதுபடுகிற நேரத்தில் அவர்கள் வான் வண்டியில் ஏறினார்கள். பனையோலைத் தொப்பியைத் தாதி என் தலையில் வைத்துவிட்டுப் போனாள். கடலைக் காணாமலே அவர்கள் யாழ்ப்பாணத்தை விட்டுப் போனது எனக்கு இப்போதும் மனக்குறைதான்.

கம்பி எடுத்த நாள்

சில வாரங்கள் கழித்துக் கம்பிகளை எடுத்தார்கள். அன்றைக்கு டொக்டர் ஹெலனின் பக்கத்தில் நின்று செய்த எங்கள் ஊர் டொக்டர்தான் எடுத்தார். மொழிபெயர்க்க ஒன்றும் இல்லாதபோதும் நான் போயிருந்தேன்.

கட்டு அவிழ்ந்தது. கை திறந்திருந்தது. நடுவிரல் மட்டும் கொஞ்சம் குனிந்திருந்தது. ஒட்டிய தோல் கறுப்பாக, வேறு நிறத்தில் தெரிந்தது. பார்ப்பதற்கு வடிவான கை என்று சொல்லமாட்டேன். ஆனால் அதில் இருந்து நான் கண்ணை எடுக்கவில்லை. கௌரி குனிந்து குனிந்து பார்த்தாள். "அன்ரி, இஞ்சை பாருங்கோ, உள்ளுக்கை ரேகை கூட இருக்கு," என்றாள்.

"கெட்டிக்காரி," என்றார் டொக்டர். "இனி ஒவ்வொரு நாளும் பயிற்சி செய்யவேணும். எங்கை, மெல்லப் பொத்துங்கோ பாப்பம்."

சங்கவி பொத்தவில்லை.

"நோகுதோ பிள்ளை?"

"இல்லை."

"அப்ப பொத்துங்கோ."

"மாட்டன்."

வாய்க்குக் குறைவில்லாத பிள்ளை. அன்றைக்கு முதலில் ஒரு சொல்லுக்கு மேல் வரவில்லை. இடது கையால் வலது கை விரல்களை விரித்துப் பிடித்துக்கொண்டு இருந்தாள். டொக்டர் பகிடி விட்டுப் பார்த்தார். நான் ரொபி தருவதாகச் சொன்னேன். கௌரி அதட்டவும் செய்தாள். கடைசியில் பிள்ளையின் உதடு துடித்தது.

"பொத்தினால் திருப்பித் திறக்காட்டி என்ன செய்யிறது? அந்த டொக்டர்மார் போயிட்டினமே."

டொக்டர் என் பக்கம் திரும்பினார். நான் கௌரியின் பக்கம் திரும்பினேன்.

கௌரி கதிரையை இழுத்துப் பிள்ளைக்கு முன்னால் போட்டு இருந்தாள். தன் சுட்டுவிரலை எடுத்து, திறந்திருந்த அந்த உள்ளங்கையின் நடுவில் குறுக்காக வைத்தாள்.

"இப்ப பொத்து. அம்மாவின்ரை விரல் உள்ளுக்கை இருக்கு. திறக்காட்டி, நான் உள்ளுக்கை இருந்து திறந்து விடுறன்."

சங்கவி தாயின் முகத்தைப் பார்த்தாள். பிறகு கையைப் பார்த்தாள். சுண்டுவிரல் அசைந்தது. ஒவ்வொரு விரலாக, நடுங்கி நடுங்கி, தாயின் விரலைச் சுற்றி வந்து பிடித்தது. முழுக்கப் பொத்த முடியவில்லை. இருந்தாலும் பிடித்தாள்.

"இனித் திற," என்றாள் கௌரி.

பிள்ளை கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கையைத் திறந்தாள். ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தாள். கை திறந்திருந்தது.

திருப்பியும் பொத்தினாள். திருப்பியும் திறந்தாள். கௌரி விரலை எடுக்கவேயில்லை.